டு-லெட் போர்டில் ஒரு வாடகை, கையிலிருந்து போவது வேறு வாடகை

போன மே மாதம் என் அக்கா மகனுக்கு வீடு பார்க்க மடிப்பாக்கம், ஆதம்பாக்கம், நங்கநல்லூர் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை அலைந்தோம். அவனுக்கு வேலை பெருங்குடியில், அவன் மனைவிக்கு கிண்டியில். இரண்டுக்கும் நடுவில் ஒரு வீடு வேண்டும். மடிப்பாக்கத்தில் ஒரு ஃபிளாட் பிடித்தது. இரண்டு பெட்ரூம், மூன்றாவது மாடி, நல்ல காற்றோட்டம். வாடகை 22,000. "பட்ஜெட்டுக்குள்ளதான் இருக்கு சித்தி, பேசி முடிச்சிடலாம்" என்றான்.

சரி, முதலில் கணக்குப் போட்டுப் பார்ப்போம் என்று கீழே இறங்கி வந்து படிக்கட்டிலேயே உட்கார்ந்தோம். மெயின்டனன்ஸ் மாதம் 2,500, அது வாடகையில் சேராது. புரோக்கர் கமிஷன் ஒரு மாத வாடகை, 22,000. அட்வான்ஸ் ஒன்றரை லட்சம். காலி செய்யும்போது பெயிண்டிங்குக்கு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வோம் என்று ஓனர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அட்வான்ஸ் தொகை வங்கியில் கிடந்தால் 7 சதவீத வட்டிக்கு மாதம் 875 ரூபாய் வரும், அதுவும் போகிறது. பதினொரு மாத ஒப்பந்தம் முடிந்ததும் காலி செய்வதாக வைத்துக்கொண்டால் மேற்படிச் செலவு 81,125. மாதத்துக்குப் பிரித்தால் 7,375. ஆக, 22,000 என்று போர்டு போட்ட வீட்டின் வாடகை 29,375. இதில் மின்கட்டணம் இன்னும் வரவில்லை.

இரண்டு வருடம் அதே வீட்டில் இருந்தால் கமிஷனும் பெயிண்டிங்கும் பரவிப்போய் இந்த மேற்படிச் செலவு மாதம் 5,400க்குள் இறங்கிவிடும். வீடு மாறிக்கொண்டே இருப்பவர்தான் இந்த ஊரில் அதிக வாடகை கொடுக்கிறார். யார் அடிக்கடி மாறுகிறார்கள்? சம்பளம் குறைவாக இருப்பவர்கள், வேலை நிரந்தரமில்லாதவர்கள், ஓனர் வாடகையைக் கூட்டினால் எதிர்த்துப் பேச முடியாதவர்கள். சென்னை வாடகை ஏறுகிறது, இறங்குகிறது என்று வரும் செய்திகள் எல்லாம் போர்டில் எழுதிய எண்ணைப் பற்றியவை. அந்த எண்ணுக்குக் கீழே இருப்பதைத்தான் நாம் பேச வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அட்வான்ஸிலிருந்தே தொடங்கலாம். பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது சென்னையில் வெகுகாலமாக இருந்த வழக்கம். மும்பையிலோ டெல்லியிலோ இருந்து இங்கே மாற்றலாகி வருபவர்கள் முதலில் மலைத்துப்போவது இதைக் கேட்டுத்தான். இவ்வளவு காலமாக நடந்த இந்தப் பழக்கத்துக்குச் சட்டத்தில் இடமே இருந்ததில்லை. தமிழ்நாடு கட்டிடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம், 1960 ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்றுதான் சொன்னது. நியாய வாடகை எவ்வளவு என்று கணக்கிடவும் அதில் வழி இருந்தது: குடியிருப்பு என்றால் இடத்தின் மதிப்பும் கட்டிடத்தின் மதிப்பும் சேர்ந்த தொகையில் ஆண்டுக்கு 9 சதவீதம்.

அந்தச் சட்டம் குடியிருப்பவர் பக்கம் நின்றது. உள்ளே வந்துவிட்ட ஒருவரைக் காலி செய்ய வைக்க வேண்டுமென்றால் ஓனர் வழக்குப் போட்டு, அப்பீல், அதற்கு மேல் அப்பீல் என்று பல வருடம் நடக்க வேண்டும். ஜார்ஜ் டவுனிலும் மயிலாப்பூரிலும் தாத்தா காலத்து வாடகையிலேயே பேரன் குடியிருந்த வீடுகளை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அந்தப் பயத்துக்கு ஓனர்கள் கண்டுபிடித்த மருந்துதான் பத்து மாத அட்வான்ஸ். வாடகை பாக்கி விழுந்தால் கழித்துக்கொள்ளலாம், காலி செய்யாமல் இழுத்தால் பணம் தன் கையில் இருக்கிறது. சட்டம் ஒரு மாதம் என்றது, தெரு பத்து மாதம் என்றது. தெரு சொன்னதுதான் நடந்தது. காலப்போக்கில் பயத்துக்காக வாங்கிய பணம், அடுத்த மாடி கட்டவும் மகள் கல்யாணத்துக்கும் வட்டியில்லாக் கடனாகிவிட்டது. அதனால்தான் காலி செய்யும்போது பல ஓனர்கள், "அடுத்த ஆள் வந்து அட்வான்ஸ் கொடுத்ததும் தர்றேன்" என்கிறார்கள். பணம் அவர்களிடம் இல்லை, உண்மையாகவே இல்லை.

1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு 2017இல் புதுச் சட்டம் வந்தது. பெயர் நீளம்: தமிழ்நாடு சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குபடுத்தும் சட்டம். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. நியாய வாடகை என்ற பேச்சே இதில் கிடையாது. இருவரும் பேசி எழுதிக்கொள்வதுதான் வாடகை. எழுத்தில் ஒப்பந்தம் கட்டாயம், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும், ஆன்லைனிலேயே செய்யலாம். அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், கழிக்க வேண்டியதைக் கழித்து மீதியைத் திருப்பித் தர வேண்டும். சண்டை வந்தது என்பதற்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ ஓனர் நிறுத்தக் கூடாது.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்று மாத அட்வான்ஸ் என்ற அந்த வரியின் தொடக்கத்திலேயே, இருவரும் வேறு மாதிரி ஒப்பந்தம் செய்துகொண்டால் தவிர, என்று ஒரு வாசகம் உட்கார்ந்திருக்கிறது. வீடு வேண்டும் என்று வாசலில் நிற்பவர் ஆறு மாதம் கேட்டால் ஆறு மாதத்துக்குக் கையெழுத்துப் போடுவார், வேறு என்ன செய்வார்? அதனால் சட்டம் நேரடியாக அட்வான்ஸைக் குறைக்கவில்லை. பத்து மாதம் கேட்பவர்கள் இப்போது ஐந்து, ஆறு என்று இறங்கியிருப்பதற்குப் பேரம் பேசும்போது "சட்டப்படி மூணு மாசம்தானே சார்" என்று சொல்ல ஒரு வாய்ப்புக் கிடைத்தது ஒரு காரணம். வெளியூர்களிலிருந்து வரும் ஐ.டி. ஊழியர்கள் பத்து மாதம் என்றதுமே அடுத்த வீட்டுக்குப் போய்விடுவது இன்னொரு காரணம்.

இந்தச் சட்டத்தில் குடியிருப்பவர்கள் கவனிக்கவேண்டிய ஒரு விஷயம் உண்டு. எழுத்து ஒப்பந்தம் போடாமல் இருப்பதே காலி செய்யச் சொல்லி வழக்குப் போட ஒரு காரணமாகும். "நமக்குள்ள எதுக்கு பேப்பர் எல்லாம்" என்று ஓனர் பெருந்தன்மையாகச் சொல்லும்போது மகிழ்ந்துபோக வேண்டாம். பதினொரு மாத ஒப்பந்தம் என்ற பழக்கமும் சட்டத்திலிருந்து வந்ததுதான். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்று 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் சொல்கிறது. அந்தச் செலவைத் தவிர்க்கத்தான் பதினொரு மாதம். புதுச் சட்டத்தில் பதினொரு மாத ஒப்பந்தத்தையும் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். ஆனாலும் கோர்ட் வாசல் டைப்பிங் கடைகளில் பழைய வாசகமே இன்னும் அச்சாகி வருகிறது.

பெயிண்டிங் கழிவைப் பற்றி எனக்குச் சொந்த வருத்தம் ஒன்று இருக்கிறது. அசோக் நகரில் நாலு வருடம் குடியிருந்த வீட்டைக் காலி செய்தபோது, சுவரில் ஆணி அடித்த இடங்களை நானே பட்டி வைத்துச் சரி செய்திருந்தேன். ஆனாலும் ஒரு மாத வாடகை போயிற்று. இரண்டு வாரம் கழித்துத் தபால் வாங்கப் போனால், அதே சுவர், அதே நிறம், புதுக் குடித்தனம் வந்து பால் காய்ச்சியாகிவிட்டது. பெயிண்ட் அடிக்கவே இல்லை. நாலு வருடம் உடன்பிறந்தவர் மாதிரிப் பழகியவரிடம் அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இன்றைக்கு இருந்தால் கேட்டிருப்பேன்.

இனி மின்கட்டணம். மடிப்பாக்கத்தில் அதே தெருவில் ஒரு தனி வீட்டின் மாடிப் போர்ஷனையும் பார்த்தோம். படியேறும் இடத்தில், செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே, மூன்று சப் மீட்டர் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் பென்சிலால் மாதா மாதம் ரீடிங் எழுதி, அடித்து, மறுபடி எழுதி, சுவர் கருத்துப்போயிருந்தது. யூனிட் 9 ரூபாய் என்றார்கள். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், 2016 முதல் இருக்கிறது. பயன்பாடு கூடக் கூட யூனிட் விலை ஏறும். ஆக, தனி இணைப்பு உள்ள சின்னக் குடும்பத்துக்கு மின்கட்டணம் சொற்பம். ஒரே இணைப்பில் மூன்று குடித்தனம் இருந்தால், மூன்று பேர் பயன்பாடும் சேர்ந்து மேல் படிக்குப் போய்விடுகிறது. இலவச 100 யூனிட் ஒரே ஒரு தடவைதான் கிடைக்கும், அதுவும் ஓனர் கணக்கில். மூவரும் தட்டையாக 9 ரூபாய் கொடுக்கிறார்கள். அரசு கொடுக்கும் சலுகை, அது யாருக்கு அதிகம் தேவையோ அவர்கள் வீட்டு வாசல் வரை வந்து சப் மீட்டரில் நின்றுவிடுகிறது. வீடு பார்க்கும்போது, "தனி ஈ.பி. கார்டு இருக்கா?" என்ற கேள்வியை வாடகைக்கு முன்னாலேயே கேளுங்கள்.

அப்புறம் தண்ணீர். சென்னையில் ஓர் ஏரியா வாடகையை நிர்ணயிப்பதில் ஆபீஸுக்கு எவ்வளவு தூரம் என்பதற்கு அடுத்து வருவது தண்ணீர்தான். அதுவும் இரண்டு விதமாக: கோடையில் வருமா, மழையில் நிற்குமா. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் ஏறக்குறைய வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த வருடத்தில், ஓ.எம்.ஆர். என்கிற பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கத்துப் பெரிய பெரிய அடுக்ககங்கள் லாரித் தண்ணீரை நம்பி நின்றன. மெயின்டனன்ஸ் தொகை ஏறியது. வாடகை அப்படியே இருந்தது, மாதச் செலவு மட்டும் கூடியது. லாரித் தண்ணீர் உள்ள வளாகத்தில் வாடகை சற்றுக் குறைவாக இருந்தால் அது சலுகை என்று நினைக்க வேண்டாம். அந்தப் பணம் வேறு ரசீதில் வாங்கப்படும்.

மழைக்கு வேறு கணக்கு. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு, வேளச்சேரி, பள்ளிக்கரணை, மடிப்பாக்கம், முடிச்சூர்ப் பக்கம் தரைத்தளத்து வீடுகளுக்கும் மாடி வீடுகளுக்கும் வாடகை வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி விரிந்துவிட்டது. வேளச்சேரியில் நாங்கள் பார்த்த ஒரு தரைத்தள வீட்டில் சுவர் முழுக்கப் புதுப் பெயிண்ட். ஆனால் பிளக் பாயிண்டுகள் எல்லாம் என் தோள் உயரத்துக்கு இருந்தன, தண்ணீர் மோட்டார் இரும்பு ஸ்டாண்டில் ஏறி உட்கார்ந்திருந்தது. அதற்கு மேல் யாரையும் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

ஊர் எந்தப் பக்கம் வளர்ந்ததோ அந்தப் பக்கம் வாடகையும் நடந்தது. 2000இல் தரமணியில் டைடல் பார்க் திறந்ததும் பழைய மகாபலிபுரம் சாலை மாறத் தொடங்கியது. சிறுசேரி சிப்காட் வரை கம்பெனிகள் வந்தன. மேற்கே மணப்பாக்கம், போரூர், நடுவில் கிண்டி. 2011இல் மாநகராட்சி எல்லை சுமார் 175 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. சோழிங்கநல்லூர், பெருங்குடி, மடிப்பாக்கம், போரூர் எல்லாம் சென்னைக்குள் வந்தன. முகவரியில் சென்னை உடனே வந்துவிட்டது. மெட்ரோ வாட்டரும் பாதாளச் சாக்கடையும் பின்னால் மெதுவாக நடந்து வருகின்றன. கொரோனா காலத்தில் ஐ.டி. பிள்ளைகள் மதுரைக்கும் நெல்லைக்கும் திரும்பிப் போனபோது ஓ.எம்.ஆரில் வீடுகள் காலியாகக் கிடந்தன, வாடகை இறங்கியது. ஆபீஸ் திறந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து நின்றார்கள், இறங்கியது எல்லாம் ஏறி மேலும் ஏறியது. இப்போது மெட்ரோ இரண்டாம் கட்டம், மூன்று வழித்தடம், 118.9 கிலோமீட்டர். ரயில் ஓடுவதற்கு முன்பே "மெட்ரோ ஸ்டேஷன் பக்கத்தில்" என்று விளம்பரம் வந்துவிடுகிறது. தோண்டிப்போட்ட சாலையில் தூசு குடித்துக்கொண்டு, நாளைக்கு வரப்போகும் ரயிலுக்கு இன்றைக்கே வாடகை கொடுக்கிறோம்.

பழைய ஊருக்குள், அதாவது மாம்பலம், மயிலாப்பூர், அடையாறு, கே.கே. நகர், அண்ணா நகர்ப் பக்கம், வாடகை ஏறுவதற்கு வேறு ஒரு காரணம் இருக்கிறது. அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கட்டிய மூன்று மாடி, லிஃப்ட் இல்லாத ஃபிளாட்டுகளை இடித்துக் கட்டுகிறார்கள். 2019 கட்டிட விதிகளில் தளப்பரப்புக் குறியீடு 1.5இலிருந்து 2 ஆக உயர்ந்தது, அதாவது அதே மனையில் முன்பைவிட அதிகப் பரப்பு கட்டலாம். பில்டருக்கு லாபம், ஓனர்களுக்குப் புது வீடு. கட்டி முடிக்க இரண்டு, மூன்று வருடம் ஆகும். அதுவரை பன்னிரண்டு குடும்பமும் எங்கே போகும்? பிள்ளைகள் ஸ்கூல், பெரியவர்களின் டாக்டர், கோயில் எல்லாம் அங்கேயே இருப்பதால் அதே தெருவில், அடுத்த தெருவில்தான் வீடு தேடும். அவர்களின் வாடகையைப் பெரும்பாலும் பில்டர் கொடுக்கிறார், அதனால் ஆயிரம் இரண்டாயிரம் கூட என்றாலும் தயங்க மாட்டார்கள். ஒரு கட்டிடம் இடிந்தால் பன்னிரண்டு வீடு குறைகிறது, பன்னிரண்டு குடும்பம் தேடி வருகிறது. அந்தப் பழைய ஃபிளாட்டுகளில் குறைந்த வாடகைக்கு இருந்தவர்களுக்கு பில்டரும் கொடுப்பதில்லை, ஓனரும் கொடுப்பதில்லை. அவர்கள் கௌரிவாக்கத்துக்கும் மாங்காட்டுக்கும் போகிறார்கள். திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் ஒண்டுக் குடித்தனங்களும் இப்படித்தான் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன. பொதுக் கிணறும் பொதுக் கழிவறையும் வசதி என்று சொல்ல மாட்டேன். ஆனால் பூக்கட்டும் அம்மாவும் ஓட்டல் சப்ளையரும் தெற்கு மாட வீதியிலிருந்து நடக்கும் தூரத்தில் வாழ முடிந்தது அதனால்தான்.

ஓனர்களின் கணக்கையும் சொல்ல வேண்டும். ஒரு கோடி ரூபாய் ஃபிளாட்டுக்கு 25,000 வாடகை என்றால் வருடத்துக்கு 3 லட்சம், 3 சதவீதம். வங்கி வைப்பு இதைவிட அதிகம் தரும். அதனால் வாடகைக்கு என்றே யாரும் வீடு கட்டுவதில்லை. விலை ஏறும் என்று வாங்கிப்போட்ட வீடுதான் வாடகைக்கு வருகிறது. 2022இல் சொத்து வரியைப் பரப்பளவுக்கு ஏற்ப 25 முதல் 150 சதவீதம் வரை உயர்த்தியபோது, பல ஓனர்கள் அதை அப்படியே அடுத்த மாத வாடகையில் ஏற்றினார்கள். மாடியைக் கட்டி அந்த வாடகையில் மருந்து மாத்திரை வாங்கும் ஓய்வுபெற்ற ஆசிரியரை, பத்து ஃபிளாட் வைத்திருப்பவரோடு சேர்த்துத் திட்ட எனக்கு மனம் வராது.

கையில் மொத்தமாகப் பணம் இருப்பவர்கள் லீஸுக்குப் போவது உண்டு, நம் ஊர்ப் பக்கத்தில் ஒத்தி, போக்கியம் என்பதுதான். சில லட்சங்களைக் கொடுத்துவிட்டு இரண்டு, மூன்று வருடம் வாடகையில்லாமல் இருப்பது. பதிவு செய்யாமல், வில்லங்கச் சான்று பார்க்காமல் இதில் இறங்கக் கூடாது. வங்கிக் கடன் உள்ள வீடு ஏலத்துக்குப் போனால் உங்கள் லட்சங்களுக்கு யாரும் பொறுப்பில்லை. ஓனரிடம் மாத வாடகைக்கு எடுத்து, அதையே இன்னொருவருக்கு லீஸுக்கு விட்டுப் பணத்தோடு மறைந்துவிடும் இடைத்தரகர்களும் இருக்கிறார்கள்.

இத்தனைக்கும் மேல், எந்த விளம்பரத்திலும் வராத ஒரு விலை உண்டு. நங்கநல்லூரில் ஓர் அம்மா வீட்டைக் காட்டுவதற்கு முன்பே, "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டார். என் அக்கா மகன் பதில் சொல்லவில்லை. வீட்டைப் பார்க்காமலே திரும்பினோம். அவனுக்கு அது ஒரு ஞாயிற்றுக்கிழமை வருத்தம். முஸ்லிம் என்பதால், தலித் என்பதால், கல்யாணமாகாதவர், கணவரைப் பிரிந்தவர், கறி சமைப்பவர் என்பதால் பத்து வீட்டில் எட்டு வீடு மூடிக்கொள்ளும் ஒருவருக்கு, மீதி இரண்டு வீட்டில் பேரம் பேச இடமே இல்லை. சொன்ன வாடகை, கேட்ட அட்வான்ஸ். ஒரே தெருவில் ஒரே மாதிரி வீட்டுக்கு அவர் இரண்டாயிரம் கூடக் கொடுக்கிறார் என்றால் அந்த இரண்டாயிரம் சாதிக்கும் மதத்துக்கும் போட்ட வரி. 2017 சட்டத்தில் இதைத் தடுக்க ஒரு வரிகூட இல்லை. இருந்திருக்க வேண்டும்.

எங்களுக்கு வீடு கிடைத்தது ஆடியில். ஸ்கூல் திறக்கும் முன் மே, ஜூனில் எல்லோரும் வீடு தேடுவார்கள், ஆடி பிறந்ததும் தெரு அமைதியாகிவிடும், ஆடியில் குடிபோக மாட்டார்கள். ஜூனில் காலியான வீடு ஆடி முழுக்கப் பூட்டிக் கிடந்தால் ஓனருக்குத்தான் கவலை. ஆதம்பாக்கத்தில் அப்படி ஒரு வீடு. வாடகை 21,000, தனி ஈ.பி. இணைப்பு. ஆறு மாதம் கேட்ட அட்வான்ஸ் நாலு மாதத்துக்கு வந்தது. பெயிண்டிங் கழிவு என்ற வரியை அடித்து, "உண்மையில் ஆன செலவு, ரசீதுடன்" என்று எழுத வைத்தோம். ஆவணியில்தான் பால் காய்ச்சுவோம், ஆடிக்கு வாடகை வேண்டாம் என்றதற்கும் ஓனர் தலையாட்டிவிட்டார். வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வாடகை போனால் வருமான வரியில் வீட்டு வாடகைப்படிச் சலுகைக்கு ஓனரின் பான் எண் வேண்டும் என்பதால் அதையும் அன்றே கேட்டு எழுதிக்கொண்டோம். சற்று யோசித்துவிட்டுத்தான் கொடுத்தார்.

சாவியை வாங்கியதும் அவன் முதலில் போனது வீட்டுக்குள் இல்லை. படிக்கு அடியில் இருந்த ஈ.பி. மீட்டரிடம் போய், அன்றைய ரீடிங்கைப் போனில் படம் எடுத்து, ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினான். அப்புறம்தான் கதவைத் திறந்தான்.